கிராம்புக் குறிப்புக்குக் கீழே ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடியில் ஒரு பல் மருத்துவமனையில் 22 வருஷமாக உதவியாளராக வேலை பார்க்கிறேன். நான் டாக்டர் இல்லை, முறையாகப் படித்த நர்ஸும் இல்லை. டோக்கன் போடுவது, கருவிகளைக் கழுவி, நீராவியில் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவில் வைப்பது, பல் அடைக்க சிமெண்ட் குழைத்துக் கொடுப்பது, அழுகிற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வது, பல் எடுத்தவரைப் பஞ்சு கடிக்கச் சொல்லி வெளியே உட்கார வைப்பது, இவைதான் என் வேலை. வாசல் மேஜையில் இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுவதை எல்லாம் சனங்கள் என்னிடம் சொல்லிவிடுவார்கள்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டு வைத்தியப் பகுதியில் பல்லுக்கு இரண்டு குறிப்புகள் போட்டிருந்தீர்கள். வலிக்கிற பல்லில் கிராம்பை நசுக்கி வைத்தால் வலி பறந்துவிடும் என்று ஒன்று. உப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்து தேய்த்தால் பல் முத்துப்போல வெளுக்கும் என்று இன்னொன்று.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். எலுமிச்சையின் புளிப்பு பல்லின் மேல்பூச்சான எனாமலைக் கரைக்கும். சந்தேகம் இருந்தால் முட்டை ஓட்டை ஒரு ராத்திரி எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டுப் பாருங்கள். புளிப்பில் இளகிப்போன இடத்தை உப்பையும் வைத்துத் தேய்த்தால் அது மிச்சத்தையும் சுரண்டிக்கொண்டு போகும். நம் உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள் எனாமல்தான். ஆனால் நகம்போல, முடிபோல அது திரும்ப வளராது, போனால் போனதுதான். இந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத் தேய்த்த ஒரு காலேஜ் பெண் இரண்டாம் நாளே வந்துவிட்டாள். "அக்கா, தண்ணி குடிச்சாக்கூட சுள்ளுங்குது" என்றாள்.

கிராம்பு விஷயம் அப்படி இல்லை. அது பொய் கிடையாது. சிக்கலே அங்கேதான்.

எங்கள் கிளினிக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை வரும். பலருக்கு அந்த வாசனையிலேயே கால் நடுங்கும். அது வேறொன்றும் இல்லை, கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜினால் என்கிற பொருள். அதையும் துத்தநாக ஆக்சைடு பொடியையும் கண்ணாடிப் பலகையில் வைத்துக் குழைத்துத்தான் தற்காலிக அடைப்பு வைப்போம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்குக் கற்றுக்கொடுத்ததே அந்தக் குழைப்புதான். சப்பாத்தி மாவு பதம் வரவேண்டும், விரலில் உருட்டினால் ஒட்டக்கூடாது. ஆக, கிராம்பு வலியை மரக்க வைக்கும் என்பது பல் டாக்டர்களும் ஒப்புக்கொண்ட சங்கதி. நசுக்கியதையோ எண்ணெயையோ நேரே ஈறில் அப்பிக்கொண்டால் ஈறு வெந்துபோகும், அது தனி.

வலி போய்விடும், சரி. அப்புறம்?

வடுவூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், கபடி ஆடுகிறவன். மாட்டுப்பொங்கல் அன்று கரும்பு கடித்தபோது கீழ்க் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. கிராம்பு வைத்தார்கள். நாலைந்து நாள் வலித்துவிட்டுத் தானாக நின்றுவிட்டது. பாட்டி வைத்தியம் ஜெயித்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சித்திரையில் வந்தான். ஒரு பக்கத் தாடை பலாக்கொட்டைபோல வீங்கி, வாயில் ஒரு விரல்கூட நுழையாத நிலைமை. தாடைக்கு அடியிலும் வீக்கம் இறங்கியிருந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்த உடனே, இங்கே வைத்துக்கொள்ள வேண்டாம் என்று தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார். அந்த வீக்கம் நாக்குக்கு அடியில் இரண்டு பக்கமும் பரவிவிட்டால் மூச்சுக்குழலையே நெருக்கிவிடும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பையன் பிழைத்து வந்தான். அந்தப் பல்லும் பக்கத்துப் பல்லும் போயின.

நடந்தது என்னவென்றால், பல்லுக்கு நடுவில் ரத்தமும் நரம்புமாக ஒரு சதை இருக்கிறது. சொத்தை அதைத் தொடும்போதுதான் அந்தப் பயங்கர வலி. சில நாளில் அந்தச் சதை செத்துப்போகிறது. செத்தது வலிக்காது. வலி நின்றதற்குக் காரணம் அதுதான், கிராம்பு இல்லை. செத்த சதை உள்ளேயே அழுகி, வேர்நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டுகிறது. நான் சேர்ந்த காலத்தில் கம்ப்யூட்டர் எக்ஸ்ரே கிடையாது. இருட்டுப் பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு, தபால்தலை அகலத்துக்கு இருக்கும் ஃபிலிமைத் தடவித் தடவிக் கழுவ வேண்டும். எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், வேர்நுனியில் மிளகு ஒட்டிவைத்ததுபோல ஒரு கறுப்பு வட்டம் தெரியும். எலும்பு கரைந்துபோன இடம் அது. "இந்தப் பல் எப்பவாவது வலிச்சுதா?" என்று டாக்டர் கேட்டால், பாதிப்பேர் சொல்கிற பதில்: "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வலிச்சுது டாக்டர், அப்புறம் சரியாயிடுச்சு."

இந்த "சரியாயிடுச்சு"தான் எங்கள் ஊர் வாய்களில் பாதிப் பற்களைத் தின்றிருக்கிறது. பல்லைப் பற்றி எத்தனையோ தப்பான நம்பிக்கைகள் உண்டு. ஆனால் மற்றதெல்லாம் இதற்குப் பிள்ளைகள் மாதிரி. வலித்தால் நோய், வலிக்காவிட்டால் நோய் இல்லை என்று மனசில் ஒரு கணக்கு.

"பல் டாக்டர்னா உயிர் போற வலி" என்கிற பயம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சீழ் கட்டிய இடத்தில் மரப்பு ஊசி சரியாகப் பிடிக்காது. அந்த இடம் புளிப்பேறிக் கிடப்பதால் மருந்து நரம்புக்குள் போகத் திணறும் என்பார் டாக்டர். சொத்தை சின்னதாக இருக்கும்போது வந்தவருக்கு ஊசியே தேவைப்படாமல் போகலாம், கால் மணியில் அடைத்துக்கொண்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் டீக்கடையில் உட்கார்ந்து அதைக் கதையாகச் சொல்லப் போவதில்லை. முகம் வீங்கிக் கடைசியில் வந்தவர்தான் ஊருக்கெல்லாம் சொல்வார். ரூட் கேனால் என்ற பெயரைக் கேட்டாலே எழுந்து ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். சாய்வு நாற்காலியில் படுத்தபடி ரூட் கேனால் நடக்கும்போதே குறட்டை விட்ட ஒரு பெரியவரை நான் தட்டி எழுப்பி வாயைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு கூத்து, மெடிக்கல் ஷாப்பில் தாளில் மடித்துத் தரும் "பல்வலி செட்". வலி மாத்திரை ஒன்று, கலர் கேப்ஸ்யூல் ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. மூன்று வேளை போட்டால் வலி அடங்கும், கிராம்பு செய்த அதே வேலை. பல்லுக்குள் செத்துக் கிடக்கும் சதைக்கு ரத்த ஓட்டமே இல்லை, மாத்திரை எப்படி அங்கே போய்ச் சேரும்? சிலர் வலி மாத்திரையை விழுங்காமல் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துக்கொண்டு தூங்கிவிடுகிறார்கள். காலையில் கன்னத்தின் உள்தோல் வெள்ளையாக வெந்து உரிந்திருக்கும். பெருங்காயம், கற்பூரம், மூக்குப்பொடி எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒருவர் பெட்ரோல் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார். அவர் பக்கத்தில் நின்று பெயர் எழுதவே எனக்குப் பயமாக இருந்தது.

இனி கண் சமாசாரம். இதைச் சொல்லாமல் விட்டால் எங்கள் டாக்டரே கோபித்துக்கொள்வார்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது படித்தவர், படிக்காதவர் எல்லோரிடமும் இருக்கிற நம்பிக்கை. கோட்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ரிட்டையர்டு வாத்தியார் வந்தார். மேல் கோரைப்பல் ஆடுகிறது, சீழ் வடிகிறது, ஆனால் எடுக்க மாட்டேன் என்றார். "எங்க அண்ணன் மேப்பல்லு எடுத்தாரு, அடுத்த வருஷமே கண்ணுல புரை" என்று ஆதாரம் வேறு. டாக்டர் வாதாடவில்லை. சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் காட்டி, "சார், அடியில பொடியா ராகுகாலம் போட்டிருக்கு பாருங்க, வாசிங்க" என்றார். வாத்தியார் ஒரு கண்ணை மூடி வாசித்தார், மறு கண்ணை மூடி வாசித்தார். அப்புறம் பல்லை எடுத்தாயிற்று. பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை மறுபடி காலண்டர் முன்னால் நிறுத்தினார். வாய் திறக்க முடியாததால் வாத்தியார் விரலால் காற்றில் எழுதிக் காட்டினார், 3.00 - 4.30. அன்று செவ்வாய்க்கிழமை. "ராகுகாலத்துல பல்லு எடுத்துட்டமே டாக்டர்" என்று அடுத்த வாரம் வந்து வருத்தப்பட்டார். அதற்கு மருந்து எங்களிடம் இல்லை.

டாக்டர் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. முகத்தின் தொடுவுணர்வுக்கும் வலிக்கும் ஒரு பெரிய நரம்பு வருகிறது. அது மூன்று கிளையாகப் பிரிந்து ஒன்று நெற்றிக்கும் கண்ணைச் சுற்றியும், நடுக்கிளை மேல்பற்களுக்கும், மூன்றாவது கீழ்ப்பற்களுக்கும் போகிறது. மூன்றும் ஒரே அடிமரத்துக் கிளைகள் என்பதால் மேல்பல் வலித்தால் கண்ணையும் சேர்த்து இழுக்கிற மாதிரி இருக்கும். ஆனால் பார்வைக்கான நரம்பு வேறு. அது கண்ணுக்குப் பின்னாலிருந்து மூளைக்குத் தனி வழியில் போகிறது, பல் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மேல்பல் எடுத்த அண்ணனுக்குப் புரை வந்தது நிஜமாக இருக்கலாம். பல் ஆடி எடுக்கிற அறுபது வயதும் கண்ணில் புரை விழுகிற அறுபது வயதும் ஒன்றுதானே.

பல்லில் பூச்சி என்ற நம்பிக்கை நம் பேச்சிலேயே உட்கார்ந்திருக்கிறது. சொத்தைப் பல்லை "பூச்சிப்பல்" என்றுதானே சொல்கிறோம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊருக்கு ஒரு கிழவி வருவாள். நெருப்பில் கண்டங்கத்தரி விதையைப் போட்டு, புகையைக் குழாய் வழியாக வாய்க்குள் விடுவாள். எதிரே ஒரு கிண்ணத்தில் தண்ணீர். கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் வெள்ளையாக, நூல் துண்டுபோலச் சுருண்டு சுருண்டு மிதக்கும். "பாரு, எத்தனை புழு!" என்பாள். ஊரே வாயைப் பிளந்து பார்க்கும். ஒருநாள் எங்கள் அப்பாயி ஈறு நமைச்சலுக்கு அவளிடம் புகை பிடித்தது. அப்பாயிக்கும் எட்டுப் புழு விழுந்தது. அப்பாயிக்கு அப்போது வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. எந்தப் பல்லைத் தின்ற புழு அது என்று என் தம்பி கேட்டு, முதுகில் ஒரு அடி வாங்கினான். சூட்டில் வெடித்த விதையின் உள்ளே சுருண்டிருக்கும் முளைதான் அது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு முப்பத்தைந்து வயது.

உண்மையில் பல்லைத் தின்பது கண்ணுக்குத் தெரியாத கிருமி. நாம் சாப்பிடும் இனிப்பையும் மாவையும் அது தின்று புளிப்பைக் கக்குகிறது, அந்தப் புளிப்பு பல்லைக் கரைக்கிறது. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். தீபாவளிக்கு ஒரே மூச்சில் நாலு அதிரசம் சாப்பிடுகிறவரைவிட, நாள் முழுக்க அரைமணிக்கு ஒரு தடவை சர்க்கரை போட்ட டீ குடிக்கிறவர் பல்தான் சீக்கிரம் போகிறது. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று பழமொழி சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. வேலங்குச்சியில் பல் துலக்கிய நம் தாத்தாக்கள் காலையில் டீயும் பிஸ்கெட்டும் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

பல்லைக் கிளீன் பண்ணினால் பல் ஆடிவிடும், இடுக்கு விழுந்துவிடும் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். கோயில் மதில் விரிசலில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. அதைப் பிடுங்கினால் விரிசல் தெரியும். பிடுங்கினவனா விரிசலை உண்டாக்கினான்? பல்லிடுக்கில் வருஷக்கணக்கில் இறுகிப்போன காரை ஈறைக் கீழே தள்ளி, எலும்பைக் கரைத்துவிட்டு, தானே அண்டக்கொடுத்து நிற்கிறது. எடுத்ததும் காலியாகத் தெரிகிறது. துலக்கும்போது ரத்தம் வருகிறது என்று அந்தப் பக்கத்தையே துலக்காமல் விடுகிறவர்கள் இன்னும் மோசம். ரத்தம் வருவதே அங்கே அழுக்கு நிற்கிறது என்று ஈறு சொல்லும் புகார்.

பல் எடுக்க வெறும் வயிற்றோடு வருவது இன்னொன்று. ஆபரேஷன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்போல. சுகர்காரர் ஒருவர் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்து, ஊசி போடும் முன்பே என் மேஜைமேல் சாய்ந்துவிட்டார். மரப்பு ஊசி போட்டுப் பல் எடுக்கச் சாப்பிட்டுவிட்டுத்தான் வரவேண்டும். சுகர் இருந்தால் பல்லே எடுக்கக்கூடாது என்பதும் தப்பு. சுகரைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும், ஏனென்றால் வாயில் சீழை வைத்துக்கொண்டிருந்தால் சுகர் இறங்க மறுக்கும். இதயத்துக்கு ஆஸ்பிரின் போடுகிறவர்கள் ரத்தம் நிற்காது என்று பயந்து, யாரையும் கேட்காமல் நாலு நாள் முன்னாடியே நிறுத்திவிட்டு வருகிறார்கள். அது பல் எடுப்பதைவிடப் பெரிய ஆபத்து. மாத்திரைச் சீட்டோடு வாருங்கள், நிறுத்துவதா வேண்டாமா என்பதை டாக்டர்கள் பேசி முடிவு செய்யட்டும். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் பத்து மாதமும் பல்வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று மாமியார்கள் வைத்திருக்கும் சட்டமும் அப்படித்தான். நாலாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை நிம்மதியாகச் செய்துகொள்ளலாம். அவசரம் என்றால் எந்த மாதமும் பார்ப்பார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் ஒன்றே ஒன்று. "விழப்போற பல்லுக்கு எதுக்குக் காசு?" என்பார்கள். பால்பல்லில் பின்பக்கப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை நிற்க வேண்டியவை. அது மட்டும் இல்லை. ஆறு வயது வாக்கில், எந்தப் பல்லும் விழாமலே, பின்னால் ஒரு புதுப் பல் சத்தமில்லாமல் முளைக்கிறது. முன்பல் நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது. அது சாகும்வரை இருக்க வேண்டிய பல். ஆனால் விழுந்து முளைக்காததால் எல்லோரும் அதைப் பால்பல் என்றே நினைக்கிறார்கள். ஒன்பது வயதில் அந்தப் பல் வேர்வரை சொத்தையாகி, "புடுங்கிடுங்க டாக்டர், வேற முளைக்கும்ல" என்று சொல்லும் தாய்மார்களிடம் "முளைக்காதும்மா" என்று சொல்கிற வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழுகிறது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

பல் டாக்டர் என்ன, முழு டாக்டரா என்ற இளக்காரமும் உண்டு. எங்கள் டாக்டர் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக ஆரம்பித்த இடம் அது. உடற்கூறு, மருந்தியல், பொது மருத்துவம், அறுவை சிகிச்சை எல்லாம் சேர்த்து ஐந்து வருஷப் படிப்பு. அதே சமயம் எல்லோரும் யோக்கியர் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தேவையில்லாமல் கேப் மாட்டிவிட்ட வாய்களையும் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள், வேறு வழி உண்டா என்று கேளுங்கள், பதில் சொல்லச் சலித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆனால் சந்தேகம் படித்தவர்மேல் வருகிற அளவுக்கு, பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் அரைமணி நேரத்தில் பல் கட்டித் தருகிறவர்மேல் வருவதில்லையே, அதுதான் எனக்குப் புரியவில்லை. பிளாஸ்டிக் கூழைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள். கழற்றவும் முடியாது, கழுவவும் முடியாது. ஒரு பல்லுக்குக் கட்டப்போய் மூன்று நல்ல பற்கள் அழுகி வந்தவர்களை என் கையாலேயே பதிவு செய்திருக்கிறேன். 1948-லேயே பல் மருத்துவர் சட்டம் வந்துவிட்டது. பதிவு இல்லாதவர் வாயில் கை வைக்கக்கூடாது. பதிவு எண் எங்கே என்று டாக்டரிடம் கேட்பதுபோல அவரிடமும் கேட்கலாம்.

இவ்வளவு நேரம் ஊராரைச் சொன்னேன். இப்போது என் வீட்டைச் சொல்கிறேன்.

எங்கள் அம்மா நடவுக்குப் போன பெண். முப்பது வயது வாக்கில் ஒரு நடவுநாளில் பல்வலி. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு டாக்டரைத் தேடிப் போக முடியாது. பக்கத்தில் நின்ற பெண் இடுப்பிலிருந்து ஒரு சிட்டிகை புகையிலை எடுத்து, "கன்னத்துல அடக்கிக்கடி, வலி போயிடும்" என்றாள். போய்விட்டது. அந்தப் பல் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து வேரோடு நின்றது, புகையிலை மட்டும் போகவில்லை. வலிக்கு என்று வாய்க்குள் வந்தது, வெற்றிலையோடு சேர்ந்து முப்பது வருஷம் தங்கிவிட்டது. நம் பக்கத்தில் எத்தனையோ பெண்கள் புகையிலை பழகிய கதை இதுதான். யாரும் ருசிக்காக ஆரம்பிக்கவில்லை. புகையிலை கலந்த பல்பொடியோ பேஸ்ட்டோ இருக்கவே கூடாது என்று 1992-ல் மத்திய அரசு தடை போட்டது. சுருக்குப்பைக்கு யார் தடை போடுவது?

நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஊரான் வாய்க்குள்ளெல்லாம் டார்ச் பிடித்தேன், அம்மா வாயைத் திற என்று ஒருநாளும் கேட்டதில்லை. அம்மாவுக்குத்தான் பல்லே வலிக்கவில்லையே. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு முகாம் போட்டோம். அம்மா மற்றவர்களோடு வரிசையில் நின்று வந்து பெஞ்சில் உட்கார்ந்தது. நான்தான் டார்ச் பிடித்தேன். டாக்டர் பல்லைப் பார்த்தார், கன்னத்தை விரலால் ஒதுக்கினார், அங்கேயே நின்றுவிட்டார். இடது கன்னத்தின் உள்பக்கம், புகையிலை அடக்குகிற அதே இடத்தில், சுண்ணாம்பு தடவியதுபோல ஒரு ரூபாய் அகலத்துக்கு வெள்ளைத் திட்டு. துடைத்தாலும் போகவில்லை. "பல்லைப் பாக்கச் சொன்னா கன்னத்தைப் பாக்குறாரே உங்க டாக்டரு" என்று அம்மா சிரித்தது. எனக்கு டார்ச் நிலையாக நிற்கவில்லை.

தஞ்சாவூருக்கு அழைத்துப் போய்ச் சதை எடுத்துப் பரிசோதித்தோம். முடிவு வர எட்டு நாள். புற்றுநோய் இல்லை, ஆனால் இப்படியே விட்டால் அங்கேதான் போகும் என்றார்கள். அந்தத் திட்டு அம்மாவுக்கு ஒருநாளும் வலித்ததில்லை. வாய்ப்புற்றும் முதலில் வலிக்காது. வலிக்கும்போது காலம் கடந்திருக்கும். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும்கூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் இருப்பதாக டாக்டர் சொன்னதிலிருந்து வெற்றிலைப் பெட்டியையும் வீட்டை விட்டு அனுப்பிவிட்டேன். அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது எழுபத்தெட்டு வயது. கீழே முழுசாகப் பல்செட், ராத்திரி கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டுவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் கன்னத்தைக் காட்டுகிறோம். சுருக்குப்பையில் புகையிலை இருந்த இடத்தில் இப்போது கிராம்பு வைத்திருக்கிறது, வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறதாம். அதனால் கிராம்புமேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை என்பதை நீங்கள் நம்பலாம்.

குறிப்பை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. வலியில் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பவருக்குக் கிராம்பு பெரிய உதவிதான். அடுத்த தடவை போடும்போது அதன் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "வலி நின்றாலும் அந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டவும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல தாலுகா மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு." பத்தியில் இடம் போதாது என்றால் எலுமிச்சைக் குறிப்பை எடுத்துவிடுங்கள், இடம் கிடைக்கும்.

என் பெயரைப் போட வேண்டாம். பெட்ரோல் வைத்துக்கொண்டு வந்தவர் எங்கள் தெருவில்தான் இருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி.